சேலம் வழக்குகள்: நீதிபதிகளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு, வணக்கம்.

1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிறுமிகளுக்கு வந்த வலிப்பு, எல்லையில் பூர்வகுடிகளோடு நடந்த போர், பாதிரியாரை வைத்து ஊருக்குள் இருந்த பகை எல்லாம் வந்திருக்கின்றன. சரி. ஆனால் முடிவில் எல்லாப் பழியையும் 'கூட்டு வெறி' மேல் போட்டுவிட்டார் கட்டுரையாளர். (ரை தானியத்தில் பிடித்த பூஞ்சைதான் காரணம் என்ற கதையையும் சேர்த்திருக்க வேண்டாம். 1976-இல் கிளம்பிய அந்த வாதத்துக்கு அதே ஆண்டிலேயே மறுப்பு வந்துவிட்டது.)

ஊர் மிரண்டது உண்மைதான். ஆனால் 19 பேரைத் தூக்கில் போட்டது நீதிமன்றம். 'அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது' என்று ஒரு பெண் சொன்னால் அதைச் சாட்சியமாக ஏற்றார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி என்ன பயன்? வந்தது ஆவிதானே! இன்னொன்று, 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு அதில் நின்றவர் எவரும் தூக்கிலேறவில்லை. முதலில் ஒப்புக்கொண்டு அப்புறம் அதை மறுத்த சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலேறினார். ஒப்புக்கொண்டவரிடம் கூட்டாளிகள் யார் என்று கேட்பார்கள். உயிர் பிழைக்க நினைப்பவர் நாலு பேரைச் சொல்லத்தானே செய்வார்? பட்டியல் நீண்டதற்கு இதுவே போதும், மனநோய் எதுவும் தேவையில்லை.

71 வயது ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்றுதான் ஜூரிகள் முதலில் சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன், அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தை மறுபடி யோசிக்கும்படி ஜூரிகளிடம் சொன்னார். அவர்கள் விளக்கம் கேட்டபோது, காது சரியாகக் கேட்காத அவர் பதில் சொல்லவில்லை. தீர்ப்பு மாறியது, ஜூலை 19-இல் தூக்கு.

அக்டோபரில் ஆளுநர் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார் (அதற்குள் அவர் மனைவி பெயரும் அடிபட ஆரம்பித்திருந்தது). 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் ஆவி சாட்சியத்தை ஒதுக்கியது. பெரும்பாலோர் விடுதலையானார்கள். தண்டனை பெற்ற மூவரும் தூக்கிலிருந்து தப்பினார்கள். அதே ஊர், அதே பயம். சாட்சிய விதி மட்டும் மாறியிருந்தது.

நீதிபதிகளில் சாமுவேல் சூவல் 1697-இல் தேவாலயத்தில் எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டார். ஸ்டோட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. பிற்பாடு ஆளுநர் பொறுப்பையும் பார்த்தார். மூன்று பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்