தத்து ஆணைக்குப் பிறகு டி.என்.ஏ. செல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சட்டக் கேள்வி-பதிலில், 'தத்துப்போன பிள்ளையே ஆனாலும் டி.என்.ஏ. பொருந்தினால் பெற்ற தகப்பன் எப்போது வேண்டுமானாலும் உரிமை கோரலாம்' என்று எழுதியிருந்தீர்கள். தத்தெடுத்து வளர்க்கும் வீடுகளில் அந்த வரி எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

இளைஞர் நீதிச் சட்டப்படி, பெற்றோர் குழந்தையைத் தத்துக்காக விட்டுக்கொடுக்கும் ஒப்படைப்புப் பத்திரம் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில் எழுதப்படுகிறது. மணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மணமாகாத தாய் என்றால் அவர் கையெழுத்து போதும். பிறகு மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்க 60 நாள். தகப்பன் வாய் திறக்க வேண்டிய நேரம் இதுதான். குழுவிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவித்துவிட்டால் அநேகமாகக் கதவு அடைபட்டதுதான். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். மேல்முறையீட்டுக்கு 30 நாள். பிரிவு 63-இன்படி, ஆணை தேதியிலிருந்து பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுகிறது. டி.என்.ஏ. முடிவு அந்த ஆணையை ரத்து செய்யாது.

ஒப்படைப்புப் பத்திரத்தில் கணவன் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டிருந்தால் அது வேறு வழக்கு. 2021-இல் திருவனந்தபுரத்தில், தன் சம்மதமில்லாமல் கைமாறிய குழந்தையைத் தாய் திரும்பப் பெற்றார். அங்கே டி.என்.ஏ. உதவியதற்குக் காரணம், தத்து இன்னும் இறுதியாகவில்லை.

இதற்கு முன்பும் ஒருமுறை, மருத்துவமனை வாசலில் தரகருக்குப் பணம் கொடுத்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதை 'தத்து' என்றே செய்தி போட்டீர்கள். அது அதே சட்டத்தின் பிரிவு 81-இன் கீழ் குழந்தை விற்பனை. ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளின் படத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தரும் அறிவிப்பை டெண்டர் விளம்பரங்களுக்கு அடியில், முகமே தெரியாதபடி கறுப்பாக அச்சிடுகிறீர்கள். குழந்தை பிறந்ததே தெரியாத தகப்பனுக்கு அதை விட்டால் வேறு தகவல் இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இரண்டே மாதத்தில் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவித்துவிடும்.

அந்த வரிக்குத் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அறிவிப்புப் படங்களைக் கொஞ்சம் தெளிவாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்பநல வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை