ஏஐ குரலுக்கு உள்ள பாடினவங்க பேரு எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஐ குரல் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல "கம்ப்யூட்டரே பாடிடுச்சு"ன்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அங்கதான் சுருக்குன்னுச்சு. நான் பல வருஷமா ட்ராக் பாடுறவ. பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி ட்யூன பாடி வெச்சிட்டு போற வேலை.

எழுத்த குடுத்தா தானா பாடுற சாஃப்ட்வேரும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா குரல் மாத்துற வேலை அப்படி இல்ல சார், முதல்ல ஒரு ஆளு மைக் முன்னாடி நின்னு முழுப் பாட்டையும் பாடணும், எங்க மூச்சு வாங்கறது, எந்த எழுத்துல அழுத்தறது, கமகம் எங்க வளையறது எல்லாம் அந்த ஆளோடதுதான், அப்புறம் இன்னொருத்தரோட பழைய ரெக்கார்டிங்ஸ்ல பழகின ஏஐ மாடல் அதுமேல அவர் குரலோட சாயல ஏத்திவிடும், அவ்ளோதான்.

போன வருஷம் "சும்மா ரெஃபரன்ஸ்க்குத்தான்"னு சொல்லி ஒரு பாட்டு பாட வெச்சாங்க. அப்புறம் அது வேற குரல்ல வெளிய வந்துச்சு. ரெண்டாவது சரணத்துல நான் தப்பான இடத்துல மூச்சு வாங்கியிருப்பேன், அந்தத் தப்பு கூட அப்படியே இருக்கு! மூச்சு என்னோடது, குரல் வேற யாரோடதோ. கேட்டா, கான்ட்ராக்ட்ல "இனி வரப்போற எல்லா டெக்னாலஜிக்கும் நிரந்தரமா"ன்னு நானே கையெழுத்து போட்டிருக்கேனாம். படிக்காம போட்டது என் தப்புதான், ஆனா படிச்சிட்டு மாட்டேன்னு சொன்னா அடுத்த வேலைக்கு யாரு கூப்பிடுவா?

2024ல 'லால் சலாம்' படப் பாட்டுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் மறைஞ்ச பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏஐ வெச்சு கொண்டு வந்தாரு, குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி பணமும் குடுத்தோம்னு அவரே சொன்னாரு. 1997ல போன சாகுல் ஹமீது குரல திரும்ப கேட்டப்ப எனக்கும் சிலிர்த்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எஸ்.பி.பி. குரல அனுமதி கேக்காம ஏஐல யூஸ் பண்ணிட்டாங்கன்னு ஒரு தெலுங்குப் பட டீமுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் விட்டதும் அதே சமயத்துலதான். அந்த ஜூலைல இந்திப் பாடகர் அரிஜித் சிங் வழக்குல பாம்பே ஹைகோர்ட்டும் அவர் குரல அனுமதியில்லாம ஏஐல செய்யக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. எல்லாம் சரி, வேணும்தான். ஆனா இது எல்லாமே யாரோட குரல் வெளிய கேக்குதோ அவங்களுக்கான பாதுகாப்பு. உள்ள பாடினவங்கள பத்தி பேச்சே இல்ல.

(இன்னொண்ணு, 2023ல வந்த, பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்து பேண்டோட பாட்டையும் இதோட சேர்த்து எழுதுறாங்க. அது வேற. அந்த பேண்டுல இருந்து மறைஞ்ச ஜான் லெனான் கேசட்ல பாடி வெச்சிருந்த நிஜக் குரல பியானோ சத்தத்துலேர்ந்து ஏஐ பிரிச்சு எடுத்துச்சு, புதுசா செய்யல.)

நீங்க பாட்டு விமர்சனம் போடும்போது "பாடியவர்"னு ஒரு பேரு போடுறீங்க இல்லையா, ஏஐ குரல்னு தெரிஞ்சா இசையமைப்பாளர் பேட்டியில "ஒரிஜினலா மைக்ல பாடினது யாரு"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க சார். பதில் வந்தா அந்தப் பேரையும் கீழ போடுங்க, சின்ன எழுத்துல இருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு ட்ராக் பாடகி