முள்வேலியை எடுங்கள், கதவு வைக்க விடுங்கள்

வங்கதேச அரசுக்கும், காக்ஸ் பஜாரில் உள்ள அகதிகள் நிவாரண ஆணையருக்கும்,

வணக்கம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, சில மாதங்களில் மியான்மரின் சிறுபான்மை இனத்தவரான ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உங்கள் எல்லைக்குள் வந்தார்கள். வசதி படைத்த நாடுகளே தயங்கும் வேலையை நீங்கள் செய்தீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் குதுப்பாலோங், பாலுகாலி முகாம்களில் பெரும்பாலோர் இன்னமும் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகளில்தான் இருக்கிறார்கள். உறுதியான வீடு கொடுத்தால் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்கள். அவர்களைத் திரும்பவிடாமல் செய்வது செங்கல் சுவர் இல்லையே! குடியுரிமையைப் பறித்த மியான்மரின் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும், அவர்களின் சொந்த மாநிலமான ராக்கைனில் மியான்மர் ராணுவத்துக்கும் அரக்கான் படை என்ற கிளர்ச்சிக் குழுவுக்கும் நடக்கும் சண்டையும்தான் தடுக்கின்றன.

2021 மார்ச் 22 அன்று பாலுகாலியில் பிடித்த தீ சுமார் 45,000 பேரை வீடிழக்கச் செய்தது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். முகாமைச் சுற்றிய முள்வேலி தப்பி ஓட விடவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். பாதுகாப்புக்கென்று போட்ட வேலி அது. அதன் பிறகும் 2023 மார்ச்சில் தீ வந்தது, சுமார் 12,000 பேர் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் குடிசைகள், நடுவே தீயணைப்பு வண்டி நுழைய இடமில்லாத சந்துகள். வேறென்ன நடக்கும்?

மழைக்காலத்தில் மண்சரிவு. அது ஒருபுறம் இருக்கட்டும், இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயுதக் குழுக்கள் உலவுகின்றன. மாஜ்ஹி எனப்படும் பகுதித் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அகதிகளின் குரலாக இருந்த முகிபுல்லாவை 2021 செப்டம்பரில் முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். கத்தியால் கிழித்தால் கிழியும் சுவர் அங்கே. கழிப்பறைக்குப் போகப் பெண்கள் விடியும்வரை காத்திருக்கிறார்கள்.

2023-இல் உணவு உதவி ஒருவருக்கு மாதத்துக்கு 12 டாலரிலிருந்து 8 டாலராகக் குறைந்தது. பிறகு கூட்டப்பட்டது என்றாலும், வெளியே வேலை செய்ய அனுமதியில்லாத குடும்பம் அந்த மாதங்களில் எதை நம்பும்? கடல் வழியாக மலேசியா போகும் படகுகளில் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணமெல்லாம் நீங்களே போட வேண்டியதில்லை. உலக நாடுகளிடம் கேளுங்கள். உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் கேட்கிறேன். முள்வேலியை அகற்றுங்கள், அல்லது உள்ளிருந்தே திறக்கும் வாசல்களை வையுங்கள். தீப்பிடிக்காத பொருளில் சுவர் எழுப்பவும், தாழ்ப்பாள் உள்ள கதவு வைக்கவும் விடுங்கள். குடிசைகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். எதை முதலில் செய்வது என்று அங்கே வாழும் பெண்களிடமே கேளுங்கள். அடுத்த வறண்ட காலம் தொடங்குமுன் இதற்கான உத்தரவு வர வேண்டும்.