ஞாயிறு கால்பந்து ஆட்டம்: நடுவரை மதிப்பிடப் போகிறவர்களுக்கு

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே. போன வாரம் வந்த மதிப்பீட்டுத் தாள்களைப் பார்த்தேன். பாதிப் பேர் "4 மஞ்சள், 1 சிவப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அட்டையை எண்ணுவதற்கு ஆள் தேவையில்லையே!

எனக்கு வேண்டியது, ஏன் காட்டினார், ஏன் காட்டவில்லை என்பதுதான். கவனக்குறைவாக இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்றே பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தோடு காலை விட்டால் நேராகச் சிவப்பு. விதி 12 சொல்வது இதுதான்.

போன வாரம் 30ஆவது நிமிடத்தில், பந்தோடு கோல் பக்கம் ஓடிய பையனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். நடுவர் விசில் ஊதாமல் இரண்டு கையையும் நீட்டி ஆட்டத்தைத் தொடரவிட்டார். பந்து வெளியே போனதும் இழுத்தவரிடம் பேசினார், அட்டை காட்டவில்லை. ஓரத்தில் ஒரே கூச்சல். நம்மில் ஒருவரும் "பயந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, அவர் செய்தது சரி. நல்ல தாக்குதலைத் தடுத்த குற்றத்துக்கு அட்வான்டேஜ் கொடுத்தால், அதாவது விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிட்டால், மஞ்சள் கிடையாது. முரட்டுத்தனமாக இடித்திருந்தால்தான் பந்து நின்றதும் காட்டியிருக்க வேண்டும்.

நேரம், சட்டை எண், நீங்கள் நின்ற இடம் மூன்றையும் குறியுங்கள். ஆட்டத்தின் நடுவே குழுவில் தீர்ப்பு எழுதாதீர்கள், நடுவரும் இங்கேதான் இருக்கிறார். மாலை 4.30க்குத் திடலில் பார்ப்போம். குடை எடுத்து வாருங்கள்.