உலக்கை எந்த நாளும் நிற்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2019 டிசம்பர் 26 அன்று எங்கள் திண்டுக்கல்லில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அரிதாக வாய்க்கிற காட்சி. ஆனால் பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு, தாம்பாளத்துத் தண்ணீரில் நிற்கும் உலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை நிற்கும்வரை கிரகணமாம்!

உலக்கையின் அடியில் பூண் இருக்கிறது. அது தட்டையாக இருந்து, தாம்பாளமும் ஆடாமல் இருந்தால், பொறுமையாக வைக்கிற கைக்கு எந்த நாளும் நிற்கும். அமாவாசைக்கும் நிற்கும், தேர்தல் அன்றும் நிற்கும். கிரகணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அதை நிறுத்திப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றாததுதான் என் ஆதங்கம்.

பெரியவர்கள் சொன்னதையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதே என்றார்களே, அது நூற்றுக்கு நூறு சரி, விழித்திரை கெட்டுவிடும். ஆனால் கர்ப்பிணிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மணிக்கணக்கில் இருட்டறையில் உட்கார வைப்பது என்ன நியாயம்? தாகத்தில் தவிக்கிற பெண்ணிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்வதற்கு முன், ஏன் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

அடுத்து 2027 ஆகஸ்ட் 2 மாலை நமக்குப் பகுதி சூரிய கிரகணம் தெரியும். பள்ளிகள் தரமான கிரகணக் கண்ணாடிகளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யட்டும். அப்புறம், அதற்கு முந்தின வாரமே மாணவர்கள் கையில் ஒரு உலக்கையைக் கொடுத்து நிறுத்திப் பார்க்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்