ஊருக்கு வருமுன் வெளிப் பைப்பை வடித்துவிடுங்கள்

கனடாவில் இயங்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் கொக்குவிலில் பைப் வேலை செய்கிறவன். முன்பு ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இதே வேலைதான். மார்கழி வந்தால் உங்கள் உறுப்பினர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்கு வரத் தொடங்குவார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் அங்கே பூட்டிவிட்டு வருகிற வீட்டின் வெளிப் பைப்பை, அதாவது வெளிச் சுவரில் தோட்டத்துக்குத் தண்ணீர் திறக்கிற பைப்பை, யாராவது பார்த்தார்களா?

இங்கே குளிர் என்றால் விடியற்புறம் ஒரு போர்வை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். நம்மூர்க் குழாய்க்கு எதிரி வெயில். மேல் தாங்கியிலிருந்து சுவரோரமாக இறங்கும் பிவிசி குழாய் வெயிலில் வெளிறி, நாளடைவில் தட்டினாலே உடையும். ஊரில் வளர்ந்தவர் பயணம் போகுமுன் மோட்டரை நிறுத்தி, கேற்றைப் பூட்டினால் வேலை முடிந்தது. ரொறன்ரோ வீட்டையும் அதே பழக்கத்தில் பூட்டினால்தான் வில்லங்கம். அங்கே குளிரில் குழாய்த் தண்ணீரே உறைந்துவிடும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். ஆனால் பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்றில்லை. ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் மூடிய பைப். நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, செப்புக் குழாய் வீங்கி நீளவாக்கில் பிளக்கும். வெட்டி எடுத்துப் பார்த்தால் மீன் வாயைத் திறந்தது போல இருக்கும். கட்டி இருக்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகாது. இளகினதும் வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மன்ற் குளமாகும். பல வீடுகளில் அந்த பேஸ்மன்றில் இருப்பது ஊரிலிருந்து படிக்கப் போன பிள்ளை. தண்ணீரை நிறுத்தும் வால்வும் அநேகமாக அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலேதான் இருக்கும். வீட்டுக்காரர் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதலில் ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, கராஜுக்குள் வையுங்கள். பிறகு வெளிப் பைப்புக்குப் போகும் உள் வால்வை இறுக மூடுங்கள். வெளியே போய்ப் பைப்பைத் திறந்து விடுங்கள். திரும்ப உள்ளே வந்து பார்த்தால், பல வால்வுகளின் பக்கத்தில் விரல்நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். கீழே ஒரு வாளியைப் பிடித்து அதைத் திருகினால், குழாயில் தேங்கி நின்ற மிச்சத் தண்ணீரும் வடிந்துவிடும். பலர் இந்த மூடியைக் கண்ணால் கண்டதே இல்லை. வடிந்ததும் அதைத் திரும்பப் பூட்டுங்கள். வெளிப் பைப் திறந்தபடியே கிடக்கட்டும்.

“எங்கட வீட்டில உறையாத பைப் போட்டிருக்கு” என்கிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பைப்பில் தண்ணீரை அடைக்கும் இடம் சுவருக்குள், வீட்டுச் சூடு படுகிற பக்கம் இருக்கும். மூடினதும் மிச்சத் தண்ணீர் வெளியே வழிந்துவிட வேண்டும். அதற்குப் பைப் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், ஹோஸும் மாட்டியிருக்கக் கூடாது. ஹோஸ் கிடந்தால் தண்ணீர் உள்ளேயே நின்று உறையும், குழாய் சுவருக்குள் பிளக்கும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. பிறகு கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் விடப் பைப்பைத் திறக்கிற அன்றைக்கு, தோட்டத்துக்குப் போவதைவிடக் கூடுதலாக வீட்டுக்குள் போகும்.

பைப்புக்கு மாட்டக் கடையில் விற்கிற பஞ்சு உறை? போடுங்கள், தப்பில்லை. வடிக்காமல் உறையை மட்டும் போட்டுவிட்டுப் பயணம் வெளிக்கிடுவது வீண் வேலை.

நாள்கணக்கில் வீட்டைப் பூட்டி வருகிறவர்கள் பிரதான வால்வையும் மூடி, உள் பைப்புகளைத் திறந்து வடித்துவிடுங்கள். மின்கட்டணம், வாயுக் கட்டணம் என்று கணக்குப் பார்த்து ஹீற்றரை நிறுத்த வேண்டாம், குறைத்து வைத்தால் போதும். ஹீற்றர் ஓடுகிறதே என்று நம்பி வடிக்காமலும் வர வேண்டாம். 2013 மார்கழியில் அடித்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. கரண்ட் இல்லாவிட்டால் வாயு ஹீற்றரின் காற்றாடியும் சுற்றாது. காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருக்கால் வாசியுங்கள். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டை யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும், இல்லையேல் தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இரண்டும் இல்லையென்றால் நட்டஈடு கேட்கப்போய் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். கார்த்திகை முதல் ஞாயிறு ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவீர்கள். அன்றைக்கே வெளிப் பைப்பையும் வடிக்கச் சொல்லி உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். உறைபனி அதற்கு முதலே வருமென்றால் இன்னும் முந்துங்கள். புதிதாக வந்த பிள்ளைகளின் வீட்டுக்கு, விஷயம் தெரிந்த ஒருவர் நேரே போய் வால்வைத் தொட்டுக் காட்டட்டும். ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்க்கிற உங்களுக்கு இது பெரிய காரியமா? படத்தோடு தமிழில் ஒரு பக்க விளக்கம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், அச்சுச் செலவு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு பைப் வேலைக்காரன்