கேமராவைக் கொஞ்ச நாள் படகிலேயே வை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கடலடிப் படங்களைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நானும் கேமராவும் கையுமாகத் தண்ணீருக்குள் போய் வருகிறவன். படத்தில் இருக்கும் மீனைவிட, அதை எடுக்கும்போது நீ எப்படி இருந்தாய் என்பதுதான் என் கண்ணில் முதலில் படுகிறது.

ஆமைப் படத்தையே எடுத்துக்கொள். மேலிருந்து எடுத்ததால் ஓடு மட்டும்தான் இருக்கிறது, முகத்தைக் காணோம். நண்டுப் படத்தில் வலது மூலை முழுக்கக் கலங்கல். உன் கால் தொங்கி, காலில் மாட்டிய ஃபின் துடுப்பு மணலைக் கிளறியிருக்கிறது. இடுப்பில் ஈய எடையை அதிகமாகக் கட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். எடை கூடினால் அதைச் சரிக்கட்ட பிசிடியில், அதாவது மிதக்க உதவும் அந்தக் காற்றுச் சட்டையில், காற்றை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நெஞ்சை மேலே இழுக்கும், ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கும், நீ நெட்டுக்குத்தாக நிற்பாய். அந்த நிலையில் காலை அடிக்காமல் இருக்கவே முடியாது.

இதைச் சோதிப்பது சுலபம். டைவ் முடியும் நேரம், டேங்கில் காற்றழுத்தம் 50 பார் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில் பிசிடியைக் காலி செய்துவிட்டு, இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு அங்கேயே நிற்க முடிகிறதா என்று பார். மூழ்கினால் அடுத்த முறை ஒரு கிலோ குறை. கடைசியில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 11 லிட்டர் அலுமினிய டேங்க், காற்று தீரத் தீர 2 கிலோ வரை லேசாகிவிடும்.

அப்புறம் மூச்சு. பிசிடியில் காற்றை ஏற்றும் பட்டனைவிட உன் நுரையீரல்தான் உன்னை நுணுக்கமாக ஏற்றி இறக்கும். ஆனால் மூச்சை இழுத்த உடனே உடம்பு மேலே போகாது. ஓரிரு நொடி தாமதித்துத்தான் கிளம்பும். புதியவர்கள் அந்தத் தாமதத்தில் பொறுமை இழந்து பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். நீ மணல் தரைக்கு ஒரு முழம் மேலே, கையைக் கட்டிக்கொண்டு படுக்கைவசத்தில் நின்று பழகு. மூச்சை மெதுவாக விடு. உடம்பு இறங்கத் தொடங்கும் முன்பே அடுத்ததை இழுக்க ஆரம்பி. ஷட்டரை அமுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். செய்யாதே. நெஞ்சு நிறையக் காற்றோடு தொண்டையை அடைத்துக்கொண்டு ஓரிரு மீட்டர் மேலே போனாலே நுரையீரல் கிழியலாம்.

இது கைவரும்வரை கேமராவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போ. உனக்குக் கோபம் வரும், தெரியும். அங்கே பவளம் வளர்வது வருடத்துக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோதான். உன் ஃபின் ஒருமுறை தட்டினால் பல வருட வளர்ச்சி போச்சு.

நிறம் மங்கியிருக்கிறதே என்று கேட்டிருந்தாய். சிவப்பு முதல் 5 மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் போய்விடும், அதனால்தான் ஸ்ட்ரோப் என்ற தனி ஃப்ளாஷ் விளக்கு. படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், தண்ணீரில் மிதக்கும் துகள்மேல் ஃப்ளாஷ் பட்டுத் திரும்பியது. ஸ்ட்ரோபை லென்ஸிலிருந்து விலக்கி வைத்தால் குறையும். அதைவிடக் கிட்டே போவது மேல். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எதுவும் கால் பங்கு கிட்டே இருப்பதுபோலத்தான் தெரியும். எட்டிவிட்டோம் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் போகலாம். ஆமையைத் துரத்தாதே; பக்கவாட்டில், அதற்குச் சற்றுக் கீழே போய்க் காத்திரு. விருப்பமிருந்தால் அதுவே வரும்.

திரையைப் பார்த்துக்கொண்டே காற்றின் அளவை மறந்துவிடுவது உன் சுபாவத்துக்கு நடக்கக்கூடியதுதான். நாலைந்து படத்துக்கு ஒருமுறை காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார், கூட வந்தவர் எங்கே என்றும் பார். கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கின் ஓ-ரிங்கை, அந்த ரப்பர் வளையத்தை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மூடாதே. உன் தலைமுடி ஒன்று அதில் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இப்போது எத்தனை கிலோ கட்டுகிறாய், நீ போடும் வெட்சூட் உடை எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று எழுது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா